தனுஷ்கோடி ரயில் நிலையம்: எது உண்மை, எது சொல்லிச் சொல்லிப் பழகியது?

பாம்பன்கரை (இழையைத் தொடங்கியவர்)

தனுஷ்கோடி பழைய ஸ்டேஷனைப் பற்றி, அங்கே பார்வையாளர்களுக்காக வைக்கப்போகும் பலகைக்கு ஒரு பக்கக் குறிப்பு தயாராகிறது. இணையத்தில் கிடைப்பதை எல்லாம் அடுக்கிப் பார்த்தால் ஒன்றுக்கொன்று முட்டுகிறது. கீழே உள்ளவற்றைத் தெரிந்தவர்கள் உறுதி செய்ய வேண்டும்.

1964 புயலில் ரயில் கவிழ்ந்தது பாம்பன் பாலத்திலா, தனுஷ்கோடியிலா? போனது போட் மெயிலா (சென்னையிலிருந்து இலங்கைக் கப்பலோடு இணைந்து ஓடிய ரயில்)? பாதை ராமேஸ்வரம் வழியாகத்தான் போனதா? இன்று எல்லோரும் படம் எடுக்கும் இடிபாடுகளில் எது ஸ்டேஷன்? கொழும்புக்கு ஒரே ரயிலில் போனார்கள் என்பது சரியா?

பலகையில் ஒரு தடவை எழுதிவிட்டால் அது இருபது வருஷம் நிற்கும். அதனால் "கேள்விப்பட்டேன்" வகைப் பதில்கள் வேண்டாம்.

மீட்டர்கேஜ்

முதலில் பாதை. இதில்தான் அதிகக் குழப்பம்.

ராமேஸ்வரம் வழியாகப் போகவில்லை. பாம்பன்தான் ஜங்ஷன். பாலம் தாண்டித் தீவுக்குள் நுழைந்ததும் பாம்பனில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று கிழக்கே ராமேஸ்வரத்துக்கு, சுமார் 6¼ மைல், அதாவது 10 கி.மீ. மற்றொன்று தென்கிழக்கே தனுஷ்கோடிக்கு, சுமார் 15 மைல், 24 கி.மீ. அன்று தனுஷ்கோடிப் பாதைதான் கப்பலோடு இணைந்த பெரும்பாதை. ராமேஸ்வரம் கோயிலுக்கான கிளை. இன்று சாலையில் போகிறவர்கள் ராமேஸ்வரம் போய் அங்கிருந்து தனுஷ்கோடிக்குத் திரும்புவதால், ரயிலும் அப்படித்தான் போயிருக்கும் என்று மனசு போட்டுக்கொள்கிறது.

காலவரிசை: மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் வந்தது 1902. பாம்பன் பாலத்தின் கட்டுமானம் 1911 ஆகஸ்டில் தொடங்கி, 1914 பிப்ரவரி 24 அன்று பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன் கொழும்பு போக வேண்டியவர்கள் சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ஓர் இரவு கப்பலில் போவார்கள். பாலம் வந்ததும் கடல் பயணம் தனுஷ்கோடியிலிருந்து இலங்கைக் கரையின் தலைமன்னார் வரை, சுமார் 22 மைல் ஆகச் சுருங்கியது. இரண்டு மணி நேர வேலை. தனுஷ்கோடி என்ற ரயில் ஊர் பிறந்ததே இந்தச் சுருக்கத்தால்தான்.

கைகாட்டி

இரண்டாவது, ரயில். போட் மெயில் இல்லை. அது வண்டி எண் 653, பாம்பன் – தனுஷ்கோடி பாசஞ்சர். ஆறு பெட்டிகள். 1964 டிசம்பர் 22 இரவு 11.55க்குப் பாம்பனை விட்டது. கணக்கில் உள்ளவர்கள் 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களைச் சேர்த்து எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வோர் உண்டு. பலகையில் "பதிவான கணக்குப்படி 115 பேர்" என்று எழுதுங்கள், மேலே ஊகம் சேர்க்காதீர்கள்.

இடம்: தனுஷ்கோடி ஸ்டேஷனுக்குச் சில நூறு கஜம் முன்னால். பாம்பன் பாலத்தில் இல்லை. அதே புயலில் பாலத்தின் கர்டர்களும் (தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்கள்) கடலில் விழுந்தன, அன்றிரவே ரயிலும் போனது. இரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு "பாலத்திலிருந்து ரயில் விழுந்தது" என்று ஆகிவிட்டது.

விபத்து வெளியே தெரிந்ததும் உடனே அல்ல. தந்தி, தொலைபேசிக் கம்பி எல்லாம் போய்விட்டன. மண்டபத்தில் இருந்த கடல்துறை மேற்பார்வையாளர் கொடுத்த தகவலை வைத்துத்தான் ரயில்வே தலைமையகம் அறிவிப்பே வெளியிட்டது.

வடமரைக்காயர்த்தெரு

@கைகாட்டி, டிரைவர் சிக்னலை மீறிப் போனார் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அதைக் குறிப்பில் சேர்க்கலாமா?

கைகாட்டி

சேர்க்காதீர்கள். பழைய கைகாட்டி (கை போல ஏறி இறங்கும் சட்டம் உள்ள சிக்னல் கம்பம்) எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால் அந்த வரி எவ்வளவு அநியாயம் என்று புரியும்.

கைகாட்டியை இயக்குவது ஸ்டேஷன் பக்கத்து நெம்புகோலிலிருந்து போகும் இரும்புக் கம்பி. சின்னக் கம்பங்களில் கப்பி வைத்து, அதன்மேல் கம்பியை ஓடவிட்டிருப்பார்கள். கம்பி அறுந்தால் எதிர்எடை இழுத்து, கை தானாகவே ஆபத்து நிலைக்கு, அதாவது படுக்கையாக வந்துவிடும். பழுதானால் வண்டியை நிறுத்தும் பக்கம் சாய வேண்டும் என்பது அதன் அடிப்படை. இரவில் கை தெரியாது, கையோடு சேர்ந்து நகரும் சிவப்பு-பச்சைக் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள மண்ணெண்ணெய் விளக்குதான் தெரியும். புயல் காற்றில் விளக்கு அணைந்தால் கம்பமே இல்லாதது போல இருட்டு. விதிப்படி விளக்கில்லாத சிக்னலை ஆபத்து என்றே எடுத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

எங்கும் சொல்லப்படுவது இதுதான்: தனுஷ்கோடிக்கு அருகே சிக்னல் கிடைக்கவில்லை, வண்டி நின்றது, டிரைவர் நீளமாக விசிலடித்துவிட்டு மெல்ல நகர்த்தினார். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் கடல். பின்னால் போகப் பாதையே இருக்கிறதா என்று தெரியாது. முன்னால் சில நூறு கஜத்தில் ஸ்டேஷன். இந்த நிலையில் எடுத்த முடிவை "மீறல்" என்று ஒரு சொல்லில் எழுத நமக்கு உரிமை இல்லை. அந்த வண்டியில் இருந்து சாட்சி சொல்ல ஒருவரும் திரும்பவில்லை.

பாக்கடல்

அலை உயரம் பற்றி ஒரு வார்த்தை. பாக் நீரிணையும் பாக் விரிகுடாவும் ஆழம் குறைந்தவை. ஆழம் குறைந்த கடலில் புயல் காற்று தள்ளும் நீருக்குக் கீழே இறங்க இடமில்லை, அதனால் கரையில் குவிந்து உயரும். வழக்கமாகச் சொல்லப்படும் உயரம் 7 மீட்டர். அந்த மணல் திட்டின் மேல் 7 மீட்டர் என்றால் மேட்டுநிலம் என்று ஒன்றே மிஞ்சாது. புயல் டிசம்பர் 17 வாக்கில் தெற்கு அந்தமான் கடலில் உருவாகி, இலங்கையை வவுனியா பக்கமாகக் கடந்து, 22–23 இரவு இங்கே வந்தது. "சுனாமி" என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து திருத்துங்கள். இது புயல் அலையேற்றம். நிலநடுக்கம் எதுவும் இல்லை.

இன்னொன்று. பழைய ஊரின் நிலம் முழுக்க 1964இல்தான் கடலுக்குள் போனது என்பதும் சரியல்ல. 1948–49லேயே மன்னார் வளைகுடாப் பக்கம் இருந்த தென்பகுதி சுமார் 5 மீட்டர் அமிழ்ந்தது என்று இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் ஆய்வு சொல்கிறது. புயல் வந்தபோது ஊர் ஏற்கெனவே ஒரு பக்கம் இழந்து நின்றது.

கொழும்பு மெயில்

"ஒரே ரயிலில் கொழும்பு போனார்கள்" என்ற கேள்விக்கு: ஒரே டிக்கெட் உண்மை. ஒரே ரயில் இல்லை.

எழும்பூரில் கொழும்பு கோட்டை வரைக்கும் டிக்கெட் வாங்கலாம். தனுஷ்கோடி துறையில் இறங்கி, கப்பல் ஏறி, தலைமன்னார் துறையில் வேறு ரயில் ஏற வேண்டும். முதலில் ஓடிய நீராவிக் கப்பல்கள் கர்சன், எல்ஜின், ஹார்டிங். பிறகு இர்வின், கோஷன். எல்லாம் ஆளுநர், வைஸ்ராய் பெயர்கள்.

வடமரைக்காயர்த்தெரு

பெட்டிகளை அப்படியே கப்பலில் ஏற்றி அந்தப் பக்கம் தண்டவாளத்தில் இறக்கினார்கள் என்று கேட்டிருக்கிறேனே?

மீட்டர்கேஜ்

முடியாது, அகலமே ஒத்துவராது. தென்னிந்திய ரயில்வேயின் இந்தப் பாதை மீட்டர் கேஜ், 1000 மி.மீ. இலங்கைப் பாதை அகலப்பாதை, 1676 மி.மீ. இங்கிருந்து போகும் பெட்டியை அங்கே இறக்கினால் சக்கரம் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் விழும். சரக்கு ஒவ்வொரு மூட்டையாகக் கையால் கப்பலுக்கு மாறியது. துறைமுகத்தில் அத்தனை கூலியாட்கள், சுங்கச் சாவடி, தபால் நிலையம், தங்குவிடுதி எல்லாம் இருந்ததற்கு இந்த மாற்றுவேலையே காரணம். பெட்டி நேராகப் போயிருந்தால் தனுஷ்கோடியில் ஓர் ஊரே வந்திருக்காது.

ராமர் சேதுத் திட்டுகள் மேல் பாலம் கட்டி இலங்கைக்கு ரயில் விடும் யோசனை அந்தக் காலத்திலேயே இருந்தது. செலவு பார்த்துக் கைவிட்டார்கள். அதற்கு மாற்றாக வந்ததுதான் பாம்பன் பாலமும் கப்பலும்.

பாம்பன்கரை

இவ்வளவு தெளிவு வந்ததே பெரிது. இப்போது இடிபாடுகள். தேவாலயம் எல்லோருக்கும் தெரிகிறது. மற்றச் சுவர்களில் ஸ்டேஷன் எது என்று இடத்தில் நின்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சுண்ணாம்புக்கல்

ஊகிக்காமல் மூன்று வழியில் பாருங்கள்.

ஒன்று, பாதையின் கோடு. ஸ்டேஷன் கட்டடம் தண்டவாளத்துக்கு இணையாகத்தான் நிற்கும். செயற்கைக்கோள் படத்தில் பாம்பனிலிருந்து தென்கிழக்கே வரும் பழைய ரயில்பாதை மேட்டின் தடத்தை, மணல் மூடாத இடங்களில் தொடருங்கள். ரயில்பாதை என்பதால் திடீர்த் திருப்பம் இருக்காது. நேர்கோடும் நீண்ட வளைவுமாகவே இருக்கும். மாட்டு வண்டித் தடங்களிலிருந்து அது தனியே தெரியும். அமெரிக்க ராணுவ வரைபடத்துறை 1950களில் வெளியிட்ட 1:250,000 இந்திய வரைபடங்களில் இந்தப் பாதை இருக்கிறது, இணையத்தில் இலவசம். அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் 250 மீட்டர் என்பதை மறக்காதீர்கள். திசை காட்டும், சுவர் காட்டாது.

இரண்டு, கட்டடத்தின் வடிவம். நீளவாக்கில், ஒரு பக்கம் முழுக்க வாசல்களும் ஜன்னல்களும், வரிசையாக அறைகள் இருந்தால் ஸ்டேஷன் வகை. ஒரே பெரிய கூடம், ஒரு முனையில் உயர்ந்த வளைவு என்றால் தேவாலயம். தனித்து நிற்கும் தண்ணீர்த் தொட்டி ரயில்வேயுடையது. அதை மையமாக வைத்து மற்றதை அளக்கத் தொடங்குங்கள். நீராவி இஞ்சினுக்குத் தண்ணீர் தரும் தொட்டி தண்டவாளத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும் என்பதால் அது நல்ல குறி.

மூன்று, கல். இங்கே பழைய சுவர்கள் பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கல்லில் தேன்கூடு போலத் துளையும், சில இடத்தில் நட்சத்திர வடிவமும் தெரியும். சாம்பல் நிறத்தில் கடினமாக, ஆணி கீறினாலும் பொடியாகாத பூச்சு இருந்தால் அது பின்னால் வந்த சிமெண்டு. அந்தப் பகுதியைப் "பழமை" என்று அளவில் சேர்க்காதீர்கள்.

அளக்கும்போது 30 மீட்டர் டேப், இரண்டு பேர். ஒவ்வொரு சுவருக்கும் நீளம், கனம், மிச்சமிருக்கும் உயரம், வாசலின் அகலம் குறியுங்கள். மூலைக்கு மூலை குறுக்களவும் கட்டாயம். குறுக்களவு இல்லாமல் வரைந்தால் அறை சதுரமா சாய்ந்ததா என்று பிறகு சொல்ல முடியாது. படம் எடுத்தால் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் 70 சதவீதமாவது ஒரே பகுதி வர வேண்டும், ஒரு மீட்டர் குச்சி சட்டத்துக்குள் இருக்க வேண்டும். வெயில் உச்சிக்கு ஏறும் முன் எடுங்கள். நடுப்பகலில் மணலின் வெளிச்சம் கல்லின் துளைகளை அழித்துவிடும்.

சுவர் மேல் ஏறவே கூடாது. சாந்துக்குள் உப்பு போய், ஈரம் காயும்போது பளிங்காகி உள்ளிருந்து பிளக்கிறது. வெளியே உறுதியாகத் தெரியும் கல் கையோடு வந்துவிடும்.

கேங்மேன்_முகவை

மணலில் தண்டவாளத் துண்டு கிடைத்தால் அதன் நடுப்பகுதியைப் பாருங்கள். உருட்டாலைப் பெயர், ஆண்டு, எடை எழும்பிய எழுத்தில் இருக்கும். துருவைச் சுரண்டாதீர்கள், எழுத்தும் சேர்ந்து போகும். மென்மையான தூரிகையால் மணலைத் தட்டிவிட்டு, சுண்ணாம்புக்கட்டியை எழுத்தின் மேல் படுக்கையாகத் தேய்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுங்கள். மீட்டர் கேஜில் கஜத்துக்கு 41¼ பவுண்டு, 50 பவுண்டு, 60 பவுண்டு வகைகள் ஓடின. தண்டவாளத்தின் ஆண்டு கட்டடத்தின் ஆண்டு ஆகாது. தண்டவாளம் பல தடவை மாறும், வேறு பாதையிலிருந்து கழற்றியதும் வரும்.

எடுத்துக்கொண்டு போகக் கூடாது. ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

இந்த மாதிரி மணல்மேட்டில் பாதையைப் பராமரிப்பது என்ன பாடு என்பதும் குறிப்பில் ஒரு வரி வர வேண்டும். காற்று கொண்டுவரும் பொடி மணல் ஜல்லியின் இடைவெளிகளில் இறங்கி நிரப்பும். மழைத் தண்ணீர் வடியாது, ஜல்லியின் துள்ளல் போய்க் கட்டியாகும். வண்டி போகும்போது தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைக்குக் கீழே இடைவெளி விழுந்து தண்டவாளம் ஒரு பக்கம் தாழும். மேலே மணலை மட்டும் வாரினால் போதாது. கட்டைகளுக்கு நடுவே ஜல்லியைத் தோண்டி எடுத்து, சலித்து, திரும்பப் போட்டு, இரண்டு பக்கமும் சமமாக இடித்து நிரப்ப வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இடித்தால் கட்டை அந்தப் பக்கம் தூக்கும். உப்புக்காற்றில் முதலில் போவது தண்டவாளம் அல்ல, இணைப்புத் தகட்டின் போல்ட்டுகளும், கட்டையைப் பிடிக்கும் ஆணிகளும்தான்.

ஊத்துத்தண்ணி

தண்ணீர்த் தொட்டி பற்றி: இரண்டு கடலுக்கு நடுவில் ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் நல்ல தண்ணீர் எப்படி என்று பலகையைப் படிப்பவர்கள் கேட்பார்கள். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஒரு பங்கு நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது பங்கு நிற்கும் என்பது கணக்கு. இன்றும் அங்கே மீனவர்கள் மணலில் சில அடி கையால் தோண்டி ஊத்து எடுக்கிறார்கள். ஆழமாகத் தோண்டி வேகமாக இறைத்தால் உப்பு மேலே வந்துவிடும், ஊத்து கெட்டுவிடும். உப்பு ஏறிய தண்ணீர் இஞ்சின் கொதிகலனுக்கும் ஆகாது. நுரைத்து, நீராவியோடு தண்ணீரும் சிலிண்டருக்குப் போய்விடும்.

மலையகம்

இதுவரை யாரும் சொல்லாத ஒரு கூட்டம் இருக்கிறது. போட் மெயில் என்றால் முதல் வகுப்பும் வெள்ளைத் துணி மேஜையும் என்றே எழுதுகிறார்கள். இந்தப் பாதையில் ஏராளமாகப் போனவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்கள். அவர்கள் நேராகக் கப்பல் ஏற முடியாது. மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் நோய்த்தடுப்புக்காகப் பல நாள் வைத்து, அம்மை குத்தி, பிறகே அனுப்பினார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிறார்கள் என்று எண் பொறித்த தகரத்துண்டை மாட்டியிருந்தார்கள். அந்த ஸ்டேஷனின் நடைமேடையை அதிகம் மிதித்தது அந்தக் கால்கள்தான். பலகையில் அவர்களுக்கு ஒரு வரி கொடுங்கள்.

தேதியைப் பாருங்கள். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபர் 30. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று இரு நாட்டுப் பிரதமர்களும் முடிவு செய்தார்கள். இரண்டு மாதம் ஆவதற்குள் தனுஷ்கோடி இல்லை. அவர்கள் கப்பல் ஏறிப்போன துறைக்கே திரும்பி வரவில்லை. தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரத்தில் இறங்கி, அதே மண்டபம் முகாமுக்கு வந்தார்கள். அந்தக் கப்பலும் 1980களில் போர் தொடங்கியபின் நின்றது.

பாக்கடல்

அந்தக் கரையையும் சேருங்கள். தலைமன்னார்ப் பாதை 1990இல் போரால் நின்று, இந்தியாவின் இர்கான் நிறுவனம் மறுபடி போட்டு, 2015 மார்ச்சில் தலைமன்னார் துறை வரை ரயில் வந்தது. அங்கே ரயில் துறைமுனைக்கு வந்து நிற்கிறது. இங்கே ஸ்டேஷன் சுவர் மட்டும்.

வடமரைக்காயர்த்தெரு

அப்படியானால் இங்கேயும் பாதையைத் திரும்பப் போடுவதுதானே நியாயம்? 2019 மார்ச்சில் அடிக்கல்கூட நாட்டினார்களே, ராமேஸ்வரத்திலிருந்து 17.2 கி.மீ.

கேங்மேன்_முகவை

ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் அது பழைய பாதை அல்ல என்பதைக் கவனியுங்கள். பழையது பாம்பனிலிருந்து, புதியது ராமேஸ்வரத்திலிருந்து. மாநில அரசு சுற்றுச்சூழல் காரணம் சொன்னது, வேலை நகரவில்லை. என் பார்வையில் நிறுத்தியது சரி. மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். பாதைக்காக மண்மேடு உயர்த்திக் கட்டினால் மணல் ஒரு பக்கம் சேர்ந்து மறுபக்கம் அரிக்கும். 2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கி.மீ. சாலை வந்துவிட்டது. அதன்மேல் மணல் ஏறுவதையும் அலை அடிப்பதையும் வாருங்கள், பாருங்கள்.

மீட்டர்கேஜ்

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. தூண்கள் மேல் உயர்த்திப் போட்டால் மணல் அடியில் நகரும். ஆனால் கப்பல் இல்லாத துறைக்கு ரயில் எதற்கு என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இழையின் தலைப்பு அதுவல்ல, விடுவோம்.

பாலத்தின் கதையில் இரண்டு வரி போதும்: 1964இல் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்கள் விழுந்தும் நடுவில் கப்பலுக்குத் திறக்கும் ஷெர்சர் பகுதி நின்றது. கடலுக்குள் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்துத் தூக்கி, ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சரி செய்தார்கள். அகலப்பாதையானது 2007. அந்தப் பாலத்தில் ரயில் நின்றது 2022 டிசம்பர். புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6.

பாம்பன்கரை

எல்லாவற்றையும் சேர்த்த வரைவு:

"தனுஷ்கோடி ரயில் நிலையம். பாம்பன் ஜங்ஷனிலிருந்து 24 கி.மீ. மீட்டர் கேஜ் பாதையின் முடிவு. 1914 முதல் இங்கே இறங்கிய பயணிகள் கப்பலில் தலைமன்னார் சென்று, அங்கிருந்து ரயிலில் கொழும்பு சென்றனர். தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களின் வழியும் இதுவே. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் அலையேற்றத்தில் நிலையமும் ஊரும் அழிந்தன. நிலையத்தை நெருங்கிய 653 எண் பாசஞ்சர் வண்டியில் பதிவான கணக்குப்படி 110 பயணிகளும் 5 ஊழியர்களும் உயிரிழந்தனர். சுவர்கள் மேல் ஏறாதீர்கள்."

திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

கைகாட்டி

"நள்ளிரவில்" என்பதை "22–23 இரவில்" என்று மாற்றுங்கள். வண்டி 11.55க்குத்தான் பாம்பனையே விட்டது. 24 கி.மீ. வந்து சேரும்போது தேதி 23.

மலையகம்

தொழிலாளர்கள் பற்றிய வரியில் "சென்ற" என்று மட்டும் இருக்கிறது. "சென்ற, திரும்பிய" என்று போடுங்கள். 1964க்கு முன்னும் ஊர் பார்க்க இதே வழியாகத்தான் வந்து போனார்கள்.

பாம்பன்கரை

இரண்டும் மாற்றியாகிவிட்டது. அளவெடுத்த வரைபடம் தயாரானதும் இதே இழையில் போடுகிறேன், தண்ணீர்த் தொட்டியிலிருந்து தூரங்களோடு.